கையெழுத்திடும் முன்

பணியிடங்களில் பிறருடைய வேலையை மேற்பார்வை செய்வோருக்கு ஒரு திறந்த மடல்



அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கோ, தொழிற்சாலையில் ஒரு ஷிப்டுக்கோ, மருத்துவமனையில் ஒரு வார்டுக்கோ, கடையில் ஒரு தளத்துக்கோ தலைமை வகித்து, பிறர் செய்யும் வேலைக்குப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். உங்கள் நாற்காலியைப் போன்றதொரு நாற்காலியில் நானும் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவனாகையால், அங்கே அமர்ந்தவர் எந்த வேளையில் என்ன எண்ணுவார் என்பதை ஓரளவு அறிவேன். வேலை தேங்கி நிற்கும் ஒரு மேசையைக் கண்டதும், அம்மேசையில் என்ன நடக்கிறது என்று விசாரிக்கும் முன்பே, அதன்முன் அமர்ந்திருக்கும் மனிதரைப் பற்றி நம் உள்ளத்தில் ஒரு தீர்ப்பு எழுந்துவிடுகிறது. "அவருக்கு அக்கறை இல்லை", "அந்த அம்மாளுக்குச் சுறுசுறுப்புப் போதாது", "எத்தனை சொன்னாலும் உறைக்காத சுபாவம்" என்று நொடிப்பொழுதில் முடிவு கட்டிவிட்டு, அதற்குப் பின் வரும் மாதங்களையெல்லாம் அம்முடிவுக்குச் சாட்சியம் சேர்ப்பதிலேயே செலவிட்டு, அதற்கு மேற்பார்வை என்று பெயரும் வைத்துவிடுகிறோம். இதைப் பற்றி உங்களிடம் நேரில் நின்று பேசுவதுபோல் பேச வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்குக் காரணம், இதே பழக்கத்தால் ஒருவருக்கு நான் இழைத்துவிட்ட அநீதி.

என் பிரிவில் ஓர் இளநிலை உதவியாளர் இருந்தார். முப்பது வயது நிரம்பாதவர், அதிகம் பேசாதவர். அவருடைய தன்பதிவேட்டில் நிலுவைக் கடிதங்கள் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போயின. இருமுறை அழைத்துப் புத்தி சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், "இனிமேல் சரியாகச் செய்துவிடுகிறேன் ஐயா" என்றார், செய்யவில்லை. மூன்றாம் முறை புத்தி சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) பிரிவின் கீழ் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வழங்கலாம் என்று குறிப்பெழுதி, வரைவையும் நானே தயாரித்து மேலே அனுப்பினேன். அதிகாரி கையெழுத்திட்டார். அந்த இளைஞர் அளித்த விளக்கம் இரண்டே வரி; அதில் காரணம் ஏதும் இல்லை, வருத்தம் மட்டுமே இருந்தது. கண்டனம் என்ற தண்டனை அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியது.

அதன்பின் தங்கையின் திருமணத்துக்காக அவர் மூன்று வாரம் விடுப்பில் சென்றார். மாற்று ஆள் கிடைக்காததால், அவசரக் கடிதங்களையாவது அனுப்பிவிடலாம் என்று அவருடைய நாற்காலியில் நானே போய் அமர்ந்தேன். பதினான்கு மாதங்களாக என் கண்ணுக்குப் படாதது ஒரே முற்பகலில் பட்டது. அவருடைய மேசை வாசலுக்கு அடுத்தாற்போல் இருந்தபடியால், எந்தப் பிரிவைத் தேடி வந்தவரும் முதலில் அவரிடமே நின்று வழி கேட்டார்கள். ஒரு கடிதத்தின் முதல் வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் நான்கு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் எழுதுவதற்கு வேண்டிய பழைய கோப்புகள் பின்கட்டில் இருந்த பதிவறையில் கிடந்தன. அங்கிருந்தவரோ காலை ஒரு மணி நேரம் மட்டுமே கோப்பு எடுத்துக் கொடுப்பார். அந்த ஒரு மணி நேரந்தான் வாசலில் கூட்டம் மிகுந்திருக்கும் நேரம். பிற்பகலில் சற்று ஓய்ந்து உட்காரலாம் என்றால், தலைமை அலுவலகம் அன்றன்று கேட்கும் அவசரப் புள்ளிவிவரங்களுக்காக அவரை எழுப்பி அழைத்துக்கொண்டிருந்தவன் வேறு எவருமில்லை, நானேதான். அந்த நாற்காலியில் எவரை அமர்த்தினாலும் நிலுவை ஏறித்தான் இருக்கும். என்னை அமர்த்தியபோதும் ஏறியது.

அவர் திரும்பி வந்த அன்று மேசையை உட்புறச் சுவரோரம் மாற்றினோம். எந்தப் பிரிவு எங்கே என்று எழுதிய பலகை ஒன்றை வாசலில் மாட்டினோம். வேண்டிய கோப்புகளின் பட்டியலை மாலையில் கொடுத்தால் மறுநாள் காலையில் அலுவலக உதவியாளர் அவற்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவது என்று ஏற்பாடு செய்தோம். முற்பகல் இரண்டு மணி நேரம் அவரை நான் அழைப்பதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் நிலுவை கால் பங்காகக் குறைந்தது. ஆள் அதே ஆள்தான். ஆனால் பதிவேட்டில் ஏறிய கண்டனம் அங்கேயே இருந்தது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவருக்குப் பின் சேர்ந்தவர்கள் அவரைத் தாண்டிச் சென்றார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் வாய் திறந்ததில்லை. அந்த மௌனத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

என்னுடைய பிழை எனக்கே உரிய பிழையன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். லீ ராஸ் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1977-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெயரே சூட்டினார். பிறர் செயலுக்குக் காரணம் தேடும்போது அவர் நிற்கும் சூழ்நிலையைக் குறைத்தும் அவருடைய சுபாவத்தைக் கூட்டியும் மதிப்பிடுவதை மனித அறிவின் அடிப்படைப் பிழைகளுள் ஒன்றாக அவர் எடுத்துக்காட்டினார். நாம் தாமதமாக வந்த நாளில் பேருந்து கிடைக்கவில்லை என்கிறோம். இன்னொருவர் தாமதமாக வந்த நாளில் அவருக்குப் பொறுப்பில்லை என்கிறோம். இரண்டையும் ஒரே வாயால், ஒரே வாரத்தில் சொல்கிறோம்.

சூழ்நிலைக்கு எத்தனை வலிமை உண்டு என்பதை நீங்கள் நம்பத் தயங்கலாம். ஆகவே ஒரு பரிசோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இருவர் 1973-இல் வெளியிட்டது அது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் பாதிரிமார் ஆகும்பொருட்டு இறையியல் பயின்றுகொண்டிருந்த நாற்பது மாணவர்களை, ஒருவர் ஒருவராக, அடுத்த கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை நிகழ்த்தும்படி அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமை. மற்றவர்களுக்கு அத்தகைய தொடர்பில்லாத வேறொரு தலைப்பு. அவர்கள் போகும் சந்தில், ஒரு வாசற்படியருகே ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டு கிடக்கும்படி முன்னரே ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரைக் கண்டு நின்று உதவியவர் யார், கடந்து போனவர் யார்? கருணையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைவு பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. சமய ஈடுபாட்டின் தன்மையும் நிற்பாரா மாட்டாரா என்பதை முன்கூட்டி உணர்த்தவில்லை. "இன்னும் நேரமிருக்கிறது, மெல்லப் போகலாம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "நேரமாகிவிட்டது, அங்கே காத்திருக்கிறார்கள், ஓடுங்கள்" என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதமே. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசுவதற்காக ஓடிய சிலர், கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே ஓடினார்கள்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மாணவர்களின் இதயத்தில் இரக்கம் இல்லாமற் போய்விட்டதென்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். இரண்டு வாக்கியங்களில் ஒருவர் மூட்டிவிட்ட பரபரப்பு அந்த இரக்கத்தின் மீது கதவைச் சாத்திவிட்டது. நண்பர்களே, உங்கள் பணியிடத்தில் அந்த இரண்டு வாக்கியங்களை நாள்தோறும் சொல்லி அனுப்புகிறவர் யார்? கவுன்ட்டரில் முதியவர் ஒருவரிடம் எரிந்து விழுந்த எழுத்தரையும், நோயாளியின் கேள்விக்கு நின்று பதில் சொல்லாத செவிலியரையும் கண்டிக்கும் முன், அன்று காலை அவர்களிடம் நாம் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பாருங்கள்.

பரபரப்பைப் போலவே பற்றாக்குறையும் அறிவைச் சுருக்கிவிடும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு நிரூபணம் உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் ஒரே வகையான அறிவுச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். ஆலையால் எல்லார் கரும்பையும் ஒரே சமயத்தில் அரைக்க இயலாதாகையால் வெட்டு உத்தரவு ஒருவருக்கு ஒரு மாதமும் இன்னொருவருக்கு வேறொரு மாதமுமாக வருகிறது. ஆகவே கண்ட வேறுபாட்டைப் பருவத்தின் மேலோ வெயிலின் மேலோ சுமத்துவதற்கு இடமில்லை. கடன் வாங்கியும் பொருளை அடகு வைத்தும் காலம் தள்ளிய அறுவடைக்கு முந்திய நாட்களில், அதே விவசாயி அதே சோதனையில் குறைவாகத் தேறினார். கையில் பணம் வந்தபின் மேலாகத் தேறினார். மூளை மாறவில்லை, கல்வி மாறவில்லை. ஓயாமல் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கவலை ஒன்று விலகியிருந்தது. மாதக் கடைசி வாரத்தில் உங்களிடம் வேலை செய்பவர் ஒரு தொகையைத் தவறாகக் கூட்டினால், அவருக்குக் கணக்கு வராது என்று எழுதுமுன் இதை நினைவுகூருங்கள். அவருடைய கடனை உங்களால் அடைக்க முடியாது. ஆனால் அடுத்த வாரத்து ஷிப்டை முதல்நாள் இரவில் அறிவிக்காமல் இரண்டு வாரம் முன்னதாக அறிவிக்க முடியும். ஐந்து பக்கப் படிவத்தை ஒரு பக்கமாக்க முடியும். முன்பணம் கேட்டு வந்தவரை நான்கு நாள் அலைய விடாமலிருக்க முடியும்.

இப்போது உங்களிடம் நான் காணும் குறைகளில் பெரிய குறைக்கு வருகிறேன். ஆண்டுதோறும் உங்கள் நிறுவனங்களில் ஒரு நாளை ஒதுக்கி, ஹோட்டல் மண்டபம் ஒன்றில் எல்லோரையும் உட்காரவைத்து, ஊக்கம் ஊட்டுவோர் ஒருவரை வரவழைத்து, "மனப்பான்மையை மாற்றுங்கள், வாழ்க்கை மாறும்" என்று கேட்கச் செய்து, மதிய உணவும் அளித்து அனுப்புகிறீர்கள். மறுநாள் அவர்கள் திரும்பி வருவது அதே வாசலோர மேசைக்கு, அதே பழுதான இயந்திரத்துக்கு. ஜெர்மனியிலிருந்து 1933-இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த கர்ட் லெவின் என்ற பேரறிஞர், மனிதனுடைய நடத்தை அவனும் அவன் சூழலும் சேர்ந்து விளைவிப்பது என்பதைத் தம் ஆராய்ச்சிகளுக்கு அடிப்படையாகக் கொண்டார். ஒருவரை ஒரு திசையில் செலுத்தும் விசையைக் கூட்டுவதைக் காட்டிலும், அவரை மறிக்கும் விசையைக் குறைப்பதே மேலான வழி என்று அவர் கருதினார். விசையை மட்டும் கூட்டினால் மனத்தின் இறுக்கமும் உடன் கூடிவிடுகிறது. வண்டிச் சக்கரத்தின் கீழ் கல் கிடக்க, மாட்டை அடித்துக்கொண்டிருப்பதால் வருவது மாட்டுக்கு வலியே.

பிரசங்கத்தின் பலம் எவ்வளவு என்பதையும் அவர் அளந்து பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வழக்கமாக மக்கள் விரும்பி உண்ணாத இதயம், சிறுநீரகம் போன்ற இறைச்சிப் பகுதிகளைச் சமைக்கும்படி இல்லத்தரசிகளைத் தூண்ட வேண்டியிருந்தது. சில குழுக்களுக்கு அவற்றின் சத்தையும் சிக்கனத்தையும் விளக்கும் நல்ல சொற்பொழிவு. வேறு சில குழுக்களுக்குத் தங்களுக்குள்ளேயே தடைகளைப் பேசி, முடிவில் செய்வதா இல்லையா என்று தாங்களே தீர்மானிக்கும் வாய்ப்பு. சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள். பேசித் தீர்மானித்தவர்களில் 32 சதவீதம் பேர் சமைத்தார்கள். அந்த ஹோட்டல் மண்டபத்தின் வாடகையில் பாதியைச் செலவிட்டு, "உங்கள் வேலையைக் கடினமாக்குவது எது?" என்று ஊழியர்களையே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் எத்தனை மேசைகள் இடம் மாறியிருக்கும்!

வார்டுகளில் பொறுப்பு வகிப்போர் ஒரு செய்தியை அறிவது நல்லது. இரத்தக் குழாயில் மெல்லிய குழாயைச் செலுத்தும்போது உண்டாகும் தொற்றைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் அனைவருக்கும் தெரிந்திருந்தும் தொற்று குறையாதிருந்த காலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட், அவர்களுடைய கவனக்குறைவைக் குறித்து உபதேசம் செய்துகொண்டிராமல், வேண்டிய துணி, மருந்து, கையுறை யாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைக்கச் செய்தார். செய்ய வேண்டியவற்றை ஒரு சிறு பட்டியலாக்கினார். ஒரு படி விட்டுப்போனால் மருத்துவரையும் நிறுத்தச் சொல்லும் உரிமையைச் செவிலியருக்கு அளித்தார். மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இம்முறை கையாளப்பட்டபின் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது என்பது 2006-இல் வெளியான கணக்கு.

உங்களையே நீங்கள் நடத்தும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறரிடம் கடுமையாயிருக்கும் மேற்பார்வையாளர் பலர் தம்மிடமும் அவ்வாறே இருப்பதை நான் கண்டிருக்கிறேன். நாளை முதல் அதிகாலையில் எழுவேன், இனிக் கோபம் கொள்ளேன் என்று சங்கல்பம் செய்துகொண்டு, நான்காம் நாள் அது முறிந்ததும் தமக்கு வைராக்கியம் இல்லை என்று நொந்துகொள்கிறார்கள். வைராக்கியம் என்பது செலவழித்தால் தீர்ந்துபோகும் சரக்கு என்று ஒரு காலத்தில் அறிஞர் பலர் நம்பினர். 2016-இல் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்தக் கொள்கை நிலைபெறவில்லை. அதைக் காட்டிலும் உறுதியாக நிற்பது பீட்டர் கோல்விட்ஸர் கண்ட எளிய முறை. கிறிஸ்துமஸ் முன்னிரவைக் கழித்த விதத்தைப் பற்றி இரண்டு நாளைக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களை அவர் கேட்டபோது, எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்கூட்டித் தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினரும், அவ்வாறு தீர்மானிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினருமே எழுதி அனுப்பினார்கள். "பொறுமையாயிருப்பேன்" என்பதை விட்டு, "தபால் கட்டு மேசைக்கு வந்ததும், எவரையும் அழைக்கும் முன் முழுவதையும் ஒருமுறை படித்துவிடுவேன்" என்று தீர்மானித்துப் பாருங்கள். அது பழக்கமாவதற்கு 21 நாள் போதும் என்று சொல்வோரை நம்பி மனம் தளர வேண்டாம். லண்டனில் 2010-இல் ஃபிலிப்பா லாலி முதலியோர் கண்டபடி சராசரி 66 நாள், சிலருக்குப் பதினெட்டு, வேறு சிலருக்கு இருநூற்றைம்பதுக்கும் மேல். இடையில் ஒருநாள் தவறினால் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை. இந்தப் பொறுமையை உங்களுக்கு நீங்கள் காட்டுவீர்களானால், உங்களிடம் வேலை கற்க வந்த இளைஞருக்கும் காட்டுங்கள்.

"அப்படியானால் சோம்பேறி என்று ஒருவனும் இல்லையா, எல்லாம் சூழ்நிலையின் குற்றந்தானா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உண்டு, என் பிரிவிலும் இருந்தார்கள். தடைகளையெல்லாம் நீக்கியபின்னும் வேலையைத் தொடாதவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் மீது நடவடிக்கை எடுக்க நான் தயங்கியதில்லை. ஆனால் தடையை நீக்கிப் பார்க்காதவரையில், சோம்பேறி எவர், சிக்கிக்கொண்டவர் எவர் என்று பிரித்தறிய உங்களிடம் அளவுகோல் இல்லை. தராசில் வைக்காமலே எடை எழுதுவது நியாயமாகுமா?

மற்றொன்றையும் அஞ்சி அஞ்சிச் சொல்கிறேன். இந்த அறிவியலைக் கற்றவர்களுள் சிலர், ஊழியர் உணராத வண்ணம் அவர்களிடமிருந்து இன்னும் ஒரு மணி நேர உழைப்பைக் கறப்பதற்கான சூட்சுமமாக அதைக் கையாளுகிறார்கள். தரவரிசைப் பலகைகளை மாட்டியும், ஓய்வெடுப்பதற்கே வெட்கப்படும்படியான ஏற்பாடுகளைச் செய்தும் மனிதரைச் சாவி கொடுத்த பொம்மைகளாக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் செய்யும் மாற்றம் எதுவாயினும், அதை என்ன நோக்கத்துடன் செய்கிறீர்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாயிருக்கட்டும். அவ்வாறு சொல்லக் கூசுகிற மாற்றத்தைச் செய்யவேண்டாம்.

நான் கேட்க வந்தது இதுதான். அடுத்த முறை ஒருவர் மீது குறிப்பாணைக்கான வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, அல்லது அதை எழுத நீங்களே பேனாவைத் திறக்கும்போது, அதை இழுப்பறையில் வைத்துவிட்டு அவருடைய நாற்காலியில் ஒரு முற்பகல் முழுவதும் போய் அமருங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காமல் "எது தடுக்கிறது?" என்று அவரைக் கேளுங்கள், அஞ்சிப் பழகியவர் முதல் முறை உண்மையைச் சொல்லமாட்டார், இரண்டாம் முறையும் கேளுங்கள். உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு தடையை, ஒன்றே ஒன்றை, நீக்கிவிட்டு முப்பது நாள் பாருங்கள். அதன்பின்னும் வரைவு நியாயமாகத் தோன்றினால் கையெழுத்திடுங்கள். உங்களைத் தடுக்க மாட்டேன்.

இன்னுமொரு விண்ணப்பம். முன்னர் நீங்கள் எழுதிய குறிப்பு ஏதேனும், அதற்குரிய காரணம் அவர் கையில் இல்லை என்று பின்னர் தெரிந்தும், எவருடைய பணிப்பதிவேட்டிலாவது இன்றும் கிடக்குமானால், அதை நீக்கும்படி மேலே ஒரு கடிதம் எழுதுங்கள். நான் அவ்வாறு எழுதியிருக்கலாம். எழுதினால் என் தவறும் கோப்பில் ஏறிவிடுமே என்று அஞ்சி, இன்று நாளை என்று தள்ளிப்போட்டு, பணி ஓய்வு பெறும் நாள்வரை எழுதாமலே இருந்துவிட்டேன். இப்போது எழுதுவதற்கு எனக்கு அதிகாரமில்லை. நீங்கள் இன்னும் பணியில் இருக்கிறீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளன் ஒருவன்